ஒரு தடவை நடிச்சுக் காட்டுங்களேன்

சனிக்கிழமை சாயங்காலம், பெயிண்ட் டப்பா மேல உக்காந்துக்கிட்டு, லிஃப்ட் மெக்கானிக் ஒரு பெரிய முடிவு எடுத்தாரு. நாளைக்குப் பெயிண்ட் அடிக்கப் போறதில்ல. படம் எடுக்கப் போறாரு.

மனசுக்குள்ளதான் எடுத்தாரு. வாய்விட்டு முடிவெடுக்குற உரிமை அந்த வீட்டுல ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்தம்மா அப்ப வேலைக்குப் போயிருந்தாங்க.

மெக்கானிக்க ஒண்ணும் லேசா நினைச்சுடாதீங்க. பதினாலு பெரிய கட்டடத்து லிஃப்டு அவரு பொறுப்பு. பெரிய பெரிய முதலாளியெல்லாம் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, "அண்ணே, எப்படியாவது எறக்கி விட்டுடுங்கண்ணே"ன்னு இவருகிட்ட அழுதிருக்காங்க. ஊரையே ஏத்தி எறக்குற மனுஷன். சொந்த வீட்டுல மட்டும் அவருக்கு எப்பவும் தரைத்தளம்தான். மேல போற பட்டன் அந்தம்மா கையில இருந்துச்சு.

அந்தம்மாவுக்கு மருந்துக்கடையில வேலை. சீட்டப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கணும். டாக்டருங்க எழுதுற எழுத்து உங்களுக்கே தெரியும். எறும்பு மையில விழுந்து எழுந்து நடந்து போனாக்கூட அதவிட நல்லா இருக்கும். அதையே ஒரு பார்வையில படிச்சுடுவாங்க. புருஷன் மூஞ்சியப் படிக்க அரைப் பார்வை போதாதா?

சரி, பெயிண்ட் டப்பாவுக்கு வருவோம். அது வீட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. கூடத்துச் சுவத்துல ஈரம் இறங்கி ஒரு கறை. முதல்ல சாஸர் அளவுக்குத்தான் இருந்துச்சு. இப்ப படுத்திருக்குற எருமை அளவுக்கு வளந்து, கன்னு போடுற நிலைமையில நிக்குது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மெக்கானிக் அந்தக் கறைய பார்ப்பாரு. "அடுத்த வாரம் உன்ன விடப் போறதில்ல"ன்னு கறுவுவாரு. அப்புறம் அந்த டப்பா மேலயே உக்காந்து போன்ல படம் பார்ப்பாரு. மூணு வருஷத்துல டப்பாவோட மூடி அவருக்குத் தோதா கொஞ்சம் உள்வாங்கியே போச்சு.

படம்னா நீங்க நினைக்குற படம் இல்ல. பாட்டு, சண்டை, பறக்குற கார் எல்லாம் அவருக்குப் பிடிக்காது. சின்னச் சின்னப் படம். ரெண்டு பேரு, ஒரு ரூமு, ஒரு கடன் வாங்குன கேமரா, அவ்வளவுதான். அதப் பார்த்துட்டு மனுஷன் அப்படியே மலைச்சுப் போய் உக்காந்திருப்பாரு. வாய் தொறந்திருக்கும். ஈ உள்ள போய் ஊரச் சுத்திப் பார்த்துட்டு வெளிய வந்தாக்கூடத் தெரியாது.

"இங்க வா! இங்க வந்து பாரேன்! ஒரு பெரியவரு செருப்பு மாட்டுறாரு!"

"சரி, மாட்டட்டும்."

"ஏழு நிமிஷம் மாட்டுறாரு! அது மட்டும்தான் படம். பார்க்கப் பார்க்க எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தெரியுமா? அவரு எங்க போறாருன்னே சொல்லல!"

"நீங்க தினம் காலையில செருப்பத் தேடுறதுக்கே இருபது நிமிஷம். அதப் பார்த்து எனக்கும்தான் கண்ணுல தண்ணி வருது. எங்க போறீங்கன்னு நீங்களும் சொல்றதில்ல."

"உனக்கு ரசனையே இல்ல."

"இருந்திருந்தா உங்களக் கட்டியிருப்பேனா?"

இப்படித்தான் அந்த வீட்டுல கலை வளந்துச்சு.

சின்னப் படத்துக்கும் மேல அவரு தெய்வமா கும்புட்டது ஒரு தொடரை. மாக்குமெண்டரின்னு ஒரு வகை இருக்கு. டாக்குமெண்டரி தெரியும்ல? கேமராவுக்கு முன்னாடி உக்காந்து உள்ளத உள்ளபடி சொல்லுவாங்க. மாக்குமெண்டரின்னா, அதே மாதிரி உக்காந்து, அதே மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, இல்லாதத இருக்குறபடி சொல்லுவாங்க. சிரிக்காம விடுற புளுகு. அந்தத் தொடர்ல ஒரு ஆபீசு. ஊர்ல தொலைஞ்சு போற குடைங்களையெல்லாம் கண்டுபிடிச்சு உரியவங்ககிட்ட ஒப்படைக்குற ஆபீசு. ஒரு கிளார்க்கு கண்ணு கலங்கி, "இந்தக் குடையத் தேடி நாலு வருஷமா யாரும் வரல சார். மழைச் சத்தம் கேட்டா மட்டும் லேசா விரியப் பார்க்கும்"னு சொல்லுவாரு.

மெக்கானிக் முதல் தடவை அதப் பார்த்தப்ப அது புளுகுன்னு அவருக்குத் தெரியாது. அதுக்கு முந்தின நாள்தான் பஸ்ஸுல தன் குடையத் தொலைச்சிருந்தாரு. படத்துல காட்டுன கதவு நம்பர எழுதிக்கிட்டாரு. ஒரு மனு எழுதுனாரு. ரெண்டு போட்டோ ஒட்டுனாரு, ஒண்ணு இவரோடது, ஒண்ணு குடையோடது. கொட்டுற மழையில, குடையில்லாம, மூணு மணி நேரம் தெருத்தெருவா அந்த ஆபீசத் தேடுனாரு.

வீட்டு வாசல்ல சொட்டச் சொட்ட வந்து நின்னப்ப அந்தம்மா துண்டக் கையில கொடுத்துக்கிட்டே கேட்டாங்க.

"குடை கிடைச்சுதா?"

"அப்படி ஒரு ஆபீசே இல்லையாம்மா!"

வேற ஆளா இருந்தா கோவத்துல போன ஒடைச்சிருப்பான். இவரு ரெண்டு கையயும் தூக்கிக் கும்புட்டாரு. "இல்லாத ஆபீச இருக்குன்னு என்னையே நம்ப வச்சுட்டானே! கிணறு மாதிரி லிஃப்டுக் குழியில இறங்கி நிக்குறவன் நான். எனக்கே தலை சுத்துதே! எப்பேர்ப்பட்ட மூளை!" உடம்பு குளிர்ல நடுங்குதா, பக்தியில நடுங்குதான்னு பிரிக்க முடியல. அந்தத் தொடர எடுத்தவர எல்லாரும் குடை சார்னு கூப்பிடுவாங்க. அன்னையிலருந்து மெக்கானிக்குக்குக் குடை சாருன்னா உசுரு.

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. அதோட மாடியில நாப்பது நாற்காலி, ஒரு வெள்ளைத் துணி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சனிக்கிழமை அங்க சின்னப் படம் போடுவாங்க. மெக்கானிக் தவறாம முதல் வரிசை. போன தடவை படம் முடிஞ்சதும் ஜெராக்ஸ்காரரு முன்னாடி வந்து நின்னாரு.

"ஒரு போட்டி. பத்து நிமிஷத்துக்குள்ள படம். ஒரு வீடு, அதுக்குள்ள ஒரு வேலை. அதான் தலைப்பு. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்கு அனுப்பிடணும். அதுக்கப்புறம் வர்ற சனிக்கிழமை நல்ல படங்கள இங்க போடுறோம். பார்க்கக் குடை சாரே நேர்ல வர்றாரு."

மெக்கானிக் நாற்காலியோட சேர்ந்து எழுந்துட்டாரு. குடை சார் உக்காந்து, தன் படத்தப் பார்த்து, தன் பேரக் கேட்டு, தன் கையப் பிடிச்சுக் குலுக்கணும். அது நடந்துட்டா போதும். அப்புறம் லிஃப்டு கயிறு அறுந்தாலும் நேரா மேலதான் போவாருன்னு ஒரு நெனப்பு.

இந்தப் பக்கம் அந்தம்மா போட்ட கெடுவும் அதே ஞாயித்துக்கிழமைக்குத்தான்.

"திங்கக்கிழமை எங்க அக்கா வர்றா. அவ வர்றப்ப சுவரு வெள்ளையா இருக்கணும்."

"இல்லன்னா?"

"உங்க போன் கறுப்பா இருக்கும். நெட் கனெக்‌ஷன வெட்டிடுவேன்."

சுவத்துக்கும் கலைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு மனுஷன். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டுனவன எறக்கி விட இவரு இருக்காரு. இவர எறக்கி விட யாரு இருக்கா? அப்பத்தான், டப்பா மேல உக்காந்திருந்த அந்தச் சனிக்கிழமை, மண்டைக்குள்ள லிஃப்டு 'டிங்'குன்னு வந்து நின்னுச்சு. கதவு தொறந்துச்சு.

தலைப்பு என்ன? ஒரு வீடு, ஒரு வேலை. வேலை பெயிண்ட் அடிக்குறது. அடிக்குறது யாரு? கதாநாயகி. கதாநாயகி யாரு? சம்சாரம். அப்ப இவரு? டைரக்டர்! டைரக்டர் என்னைக்காவது பிரஷ்ஷத் தொட்டதுண்டா? நாற்காலியில உக்காருவாரு, 'கட்' சொல்லுவாரு, டீ குடிப்பாரு. சுவரும் வெள்ளையாகும், படமும் முடியும், இவரு சட்டையில ஒரு சொட்டு படாது. தன் புத்திய நெனச்சு தனக்கே மலைப்பா இருந்துச்சு. எழுந்து கண்ணாடியில ஒருதரம் பார்த்துக்கிட்டாரு. இந்த மண்டைக்குள்ளயா இவ்வளவும் இருந்துச்சு!

அந்தம்மா வந்ததும் விஷயத்தச் சொன்னாரு.

"நீதாம்மா கதாநாயகி."

"நானா?"

"உன் கைய பார்த்திருக்கியா? மாத்திரை பட்டையக் கத்தரிக்குறப்ப அந்த விரல் எப்படி நிக்குது தெரியுமா? அதுக்குன்னே ஒரு கேமரா வைக்கலாம்."

கல்யாணம் ஆகி பதினெட்டு வருஷத்துல இவரு புகழ்ந்தது அதான் முதல் தடவை. அந்தம்மா அரைப் பார்வை பார்த்தாங்க. அந்த அரைப் பார்வையிலயே நாளைக்கு நடக்கப்போறது முழுசையும் படிச்சுட்டாங்க. ஆனா மூஞ்சியில ஒண்ணும் காட்டல. குடை ஆபீசு கிளார்க்கு கெட்டான்.

"எனக்கு நடிப்பெல்லாம் வராதேங்க."

"நான் இருக்கேன்ல? டைரக்டர் எதுக்கு இருக்கான்? சொல்லிக் கொடுப்பேன்."

"சொன்னாப் புரியுமோ என்னமோ. நடிச்சுக் காட்டுவீங்களா?"

"நடிச்சே காட்டுறேன்! பெரிய பெரிய டைரக்டரெல்லாம் அப்படித்தான். கதாநாயகி எப்படி அழணும், எப்படித் திரும்பணும்னு அவங்களே ஒருதடவை செஞ்சு காட்டுவாங்க. அதப் பார்த்துத்தான் அவங்க நடிப்பாங்க."

"அப்படியா? சரிங்க. நீங்க காட்டுங்க. நான் நடிக்குறேன்."

இவ்வளவு லேசா ஒத்துக்குவாங்கன்னு மெக்கானிக் கனவுலயும் நெனக்கல. கனவுல நெனச்சிருந்தா முழிச்சிருப்பாரு.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணி. ஏணி போட்டாச்சு. தரையில பழைய பேப்பர் விரிச்சாச்சு. அந்தம்மா பழைய சேலையக் கட்டிக்கிட்டு, தலையில துணியச் சுத்திக்கிட்டு, சுரண்டுற தகடக் கையில வாங்கி நின்னாங்க. பார்க்க அசல் கதாநாயகி. மெக்கானிக் போன நீட்டிப் பிடிச்சாரு.

"ரெடி... ஆக்‌ஷன்!"

அந்தம்மா தகட சுவத்துல வச்சாங்க. ஒரு துளி பெயிண்ட் உதிர்ந்துச்சு. திரும்பிட்டாங்க.

"ஏங்க, சுரண்டுறப்ப நான் என்ன நெனச்சுக்கணும்?"

"கட், கட்! என்னம்மா இது? நல்லாப் போயிட்டிருந்துச்சே. அந்தச் சுவரு உன் பழைய வாழ்க்கை. அதச் சுரண்டி எடுக்குற."

"கோவமா சுரண்டணுமா, சோகமா சுரண்டணுமா?"

"கோவத்துக்கு உள்ள ஒரு சோகம்."

"அது எந்தப் பக்கம் இழுத்தா வரும்? மேலருந்து கீழயா, கீழருந்து மேலயா?"

"மேலருந்து கீழ. இப்படி..." காத்துல கைய ஆட்டுனாரு.

"காத்துல காட்டுனா எப்படிங்க? காத்துல கோவம்தான் தெரியுது, சோகம் தெரியல. சுவத்துல ஒருதடவை நடிச்சுக் காட்டுங்களேன்."

நியாயமான கேள்வி. மெக்கானிக் தகட வாங்கிக்கிட்டாரு. ஏணியில ரெண்டு படி ஏறுனாரு.

"இருங்க இருங்க. எனக்கு மறதி. போனக் கொடுங்க, நீங்க நடிக்குறத எடுத்து வச்சுக்குறேன். அப்புறம் பார்த்துப் பார்த்துக் கத்துக்குவேன்."

"இது நல்ல மாணவிக்கு அடையாளம்!"ன்னு போன அவரே தூக்கிக் கொடுத்தாரு.

அப்புறம் என்ன? ஏணியிலருந்து திரும்பி, "கோவத்துக்கு உள்ள ஒரு சோகம்"னு இன்னொரு தடவ அழுத்திச் சொல்லிட்டு, சுரண்டுனாரு பாருங்க சுரண்டு! கோவம், கோவத்துக்குள்ள சோகம், சோகத்துக்குள்ள ஒரு சின்ன இருமல். எருமையோட தலை போச்சு, கொம்பு போச்சு.

"அய்யோ, எனக்கு ஒடம்பே சிலிர்க்குதுங்க. முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்?"

"எருமைக்கா?"

"நடிப்புக்கு."

முதுகயும் சுரண்டுனாரு. வாலயும் சுரண்டுனாரு. சுவரு சுத்தமாச்சு.

"இப்பப் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது. ஆனா சுரண்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லையே. அடுத்த காட்சி என்னங்க?"

"பட்டி பார்க்குறது. அந்தப் பள்ளத்தையெல்லாம் பூசி அடைக்கணும். இதுல நடிப்பு வேற மாதிரி. இது ஒரு தாய் தன் குழந்தைக்கு..."

"மூஞ்சிக்குப் பவுடர் போடுற மாதிரியா?"

"அப்பா! உனக்கும் வருது பாரு!"

"எனக்கு எங்கங்க வருது? நான் போன வாரம் கல்யாணத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டப்ப, சுவருக்குப் பட்டி பார்த்த மாதிரி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? தாய்ப் பாசமெல்லாம் நீங்க நடிச்சுக் காட்டுனாத்தான் வரும்."

தாய்ப் பாசத்த ஒன்றரை மணி நேரம் காட்டுனாரு. பதினோரு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மாதிரி பாசம். மூத்த புள்ளைக்கு ஒரு மாதிரி, கடைசிப் புள்ளைக்கு ஒரு மாதிரி. நடுவுல ரெண்டு தடவ அந்தம்மா, "அந்த ஓரத்துல பாசம் கொஞ்சம் கொறையுதே"ன்னாங்க. மெக்கானிக் தள்ளி நின்னு பார்த்தாரு. ஆமா, கொறைஞ்சுதான் இருந்துச்சு. இன்னொரு கை பூசுனாரு. கூர்மையான கண்ணுன்னு மனசுக்குள்ள ஒரு சபாஷ் போட்டாரு.

பட்டி காயுற வரைக்கும் சாப்பாடு. சாப்பிடுறப்ப அவருக்கு ஒரே பெருமை.

"நடிப்புங்குறது உள்ளருந்து வரணும்மா. நான் நடிக்கல, கவனிச்சியா? நான் அந்தக் கதாநாயகியாவே மாறிட்டேன்."

"அதான் பார்த்தேனே. இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னீங்க பாருங்க, அசல் நான்தான்."

சாப்பாடு முடிஞ்சு உப்புத்தாள். தேய்க்குறதுல என்ன உணர்ச்சின்னு அந்தம்மா கேட்டாங்க. "மன்னிப்பு"ன்னாரு. மன்னிப்ப அந்தம்மா அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையாம். ஒருதடவை பார்த்தாத் தேவலைன்னாங்க. முழுச் சுவருக்கும் மன்னிப்புக் கேட்டாரு. தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. கண்ணாடியப் பார்த்தா இருபது வருஷம் கழிச்சு இருக்கப்போற மூஞ்சி. அதுலயும் ஒரு படம் இருக்குன்னு தோணுச்சு அவருக்கு.

அப்புறம் ரோலர். முதல் பூச்சு, ஒரு பொண்ணு முதல் தடவையா சொந்தமா ஒரு வார்த்தை பேசுற மாதிரி. மின்விசிறிய வேகமா சுத்த விட்டுக் காய வச்சாங்க. மணி மூணே முக்கால் ஆச்சு. மெக்கானிக்குத் தோளு ரெண்டும் கழண்டு தொங்குச்சு.

"இப்ப நீ நடி. நேரமாச்சு."

அந்தம்மா ரோலரக் கையில வாங்குனாங்க. சுவரப் பார்த்தாங்க. ரோலரப் பார்த்தாங்க. பெருமூச்சு விட்டாங்க.

"என்னம்மா?"

"நீங்க நடிச்சதப் போன்ல திருப்பிப் பார்த்தேங்க. எல்லாம் பிரமாதம். ஆனா அந்த முதல் வார்த்தை பேசுனாளே அந்தப் பொண்ணு... கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுன மாதிரி இருக்கு. திட்டுத் திட்டா தெரியுது."

"எங்க?"

"இதோ, இதோ, இங்க. குடை சார் கண்ணுல பட்டா?"

குடை சார் பேரக் கேட்டதும் தோளு ரெண்டும் தானா வந்து மாட்டிக்கிச்சு. அந்தாள் கண்ணு எதையும் விடாதே! மெக்கானிக் ரோலரப் பிடுங்கிக்கிட்டாரு. "தள்ளு! இப்பப் பாரு, அவ திக்காமப் பேசுவா!" ரெண்டாவது பூச்சு. இந்தத் தடவ வெறி. மேல் மூலைக்கு எட்டாம, ஒத்தக் கால்ல ஏணியில நின்னு, நாக்கக் கடிச்சுக்கிட்டு அடிச்சாரு. நாலு மூலையும் அடிச்சு, ஓரத்துக்கெல்லாம் சின்ன பிரஷ்ஷால இழுத்து விட்டு, எறங்கி, பின்னாடியே நடந்து வந்து பார்த்தாரு.

சுவரு பாலு மாதிரி நின்னுச்சு. எருமை இருந்த எடம் தெரியல. மூணு வருஷத்துக் கறை. அவரு மூஞ்சி பூரா சிரிப்பு.

"ஆச்சா?"ன்னாங்க அந்தம்மா. "இப்ப நான் நடிக்குறேன். எங்கங்க அடிக்கணும்?"

மெக்கானிக் வாயத் தொறந்தாரு. சுவரப் பார்த்தாரு. மேல பார்த்தாரு, கீழ பார்த்தாரு. நடிக்குறதுக்கு ஒரு விரக்கடை எடம்கூட மிச்சம் இல்ல. பிரஷ்ஷுலருந்து ஒரு சொட்டு அவரு கால் விரல்ல விழுந்துச்சு. மணி அஞ்சு இருபது.

"படம்?" அவரு குரல் கிணத்துக்குள்ளருந்து வந்துச்சு. "என் படம் எங்க?"

"வேற மூணு சுவரு இருக்கேங்க. அதுல நடிக்கட்டுமா? முதல்ல ஒருதடவை நீங்க..."

அவரு காதுல அதுக்கு மேல விழல. உள் ரூமுக்குப் போனாரு. மரவட்டை மாதிரி சுருண்டு படுத்தாரு. குடை சார் குடையோட வந்து, விரிச்சு, "உங்களுக்கு இடமில்ல"ன்னு சொல்லிட்டுப் போற மாதிரி ஒரு தோற்றம் வந்துச்சு. அஞ்சரைக்கெல்லாம் குறட்டை. அந்தம்மா கூடத்துலயே போனோட உக்காந்திருந்தாங்க. என்ன பண்ணாங்கன்னு குறட்டைக்கு எப்படித் தெரியும்?

திங்கக்கிழமை அக்கா வந்தாங்க. சுவரத் தடவிப் பார்த்தாங்க. "யாரு ஆள் வச்சீங்க? நல்ல வேலைக்காரனா இருக்கானே"ன்னாங்க. மெக்கானிக் உக்கார டப்பாவத் தேடுனாரு. காலியாயிடுச்சு, அந்தம்மா அதுல செடி வச்சுட்டாங்க. உக்காந்து படம் பார்க்கக்கூட எடம் இல்லாத மனுஷனா ஒரு வாரம் சுத்துனாரு. லிஃப்டுக்குள்ள ஏறுறவங்க எத்தனாவது மாடின்னு சொன்னாக்கூட, "எதுக்குங்க மேல போறீங்க, அங்க என்ன இருக்கு?"ன்னு கேட்டாரு.

சனிக்கிழமை வந்துச்சு. படம் அனுப்பலன்னாலும் குடை சாரத் தூரத்துலருந்தாவது பார்க்கணும். செருப்பத் தேடிக்கிட்டிருந்தாரு.

"நானும் வர்றேன்"ன்னாங்க அந்தம்மா.

"நீயா? செருப்பு மாட்டுற படமெல்லாம் போடுவாங்க."

"பரவால்ல. அங்கயாவது செருப்பு கிடைக்குதான்னு பார்ப்போம்."

ஜெராக்ஸ் கடை மாடி நெரம்பி வழிஞ்சுது. முதல் வரிசையில நடு நாற்காலியில குடை சார். ஒல்லியா, ஒரு பழைய சட்டையில, சாதாரணமா இருந்தாரு. கையில குடை இல்ல. அதுக்கே மெக்கானிக்குக் கண்ணு பனிச்சுது. "பாரு, பாரு, குடையே கொண்டு வரல! எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

"மழைதான் இல்லையே"ன்னாங்க அந்தம்மா.

ஒவ்வொரு படமா ஓடுச்சு. ஒருத்தி துணி மடிக்குறா. ஒருத்தன் கடிகாரத்துக்குப் பேட்டரி மாத்துறான். மெக்கானிக் எல்லாத்துக்கும் வாயத் தொறந்து மலைச்சாரு, ஆனா மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. என் கதாநாயகியும் அங்க இருந்திருக்கணும்.

விளக்கு அணைஞ்சு கடைசிப் படம். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து: நடிச்சுக் காட்டு.

அப்புறம் ஒரு சுவரு. படுத்திருக்குற எருமை. ஏணியில ஒரு மனுஷன்.

மெக்கானிக் பக்கத்துல இருந்த நாற்காலியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. திரையில இருந்த மனுஷன் திரும்பி, ரொம்ப சீரியஸா, "கோவத்துக்கு உள்ள ஒரு சோகம்"னு சொல்லிட்டு சுரண்ட ஆரம்பிச்சான். கூட்டம் குபீர்னு சிரிச்சுது. "ஒரு தாய் தன் குழந்தைக்கு..." பட்டி. சிரிப்பு. உப்புத்தாளோட மன்னிப்பு. நாற்காலியெல்லாம் குலுங்குச்சு. கேமராவுக்குப் பின்னாடியிருந்து ஒரு பொம்பளக் குரல் மட்டும், அமைதியா, "அந்த ஓரத்துல பாசம் கொஞ்சம் கொறையுதே"ன்னு சொல்லும். முகமே தெரியாது. ஒவ்வொரு தடவ அந்தக் குரல் வர்றப்பவும் கூட்டம் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்து வெடிச்சுது.

தேவையில்லாத ஒரு வினாடி அதுல கிடையாது. நாள் முழுக்க எடுத்தது ஒம்போது நிமிஷத்துல நின்னுச்சு.

"யாரு... யாரு வெட்டி ஒட்டுனா?"ன்னு கிசுகிசுத்தாரு.

"பத்து மாத்திரை பட்டையில நாலு போதும்னா நாலு மட்டும் கத்தரிக்குறதுதானே என் வேலை"ன்னாங்க அந்தம்மா. "பூச்சு காயுறப்ப பாதி, நீங்க தூங்குனப்ப மீதி கத்தரிச்சு, ஆறு மணிக்குள்ள அனுப்பிட்டேன்."

கடைசிக் காட்சி வந்துச்சு. அந்த மனுஷன் பின்னாடியே நடந்து வந்து நிக்குறான். முழுச் சுவரும் வெள்ளை. அவன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் வருது. "எங்கங்க அடிக்கணும்?" குரல் கேக்குது. அந்தச் சந்தோஷம் அப்படியே மெதுவா, ஒரு லிஃப்டு கடைசி மாடியிலருந்து எறங்குற மாதிரி எறங்குது. சொட்டு விழுது. அவன் போயிடுறான். ஆனா கேமரா போகல. ஈரச் சுவரு மட்டும் நிக்குது. ஜன்னல்லருந்து சாயங்கால வெயிலு ஒரு பட்டையா அதுமேல விழுந்து, மெதுவா நகர்ந்து, ஈரம் காயக் காய வெள்ளை இன்னும் வெள்ளையாகுது. எங்கயோ தள்ளி ஒரு குறட்டை கேக்குது. அவ்வளவுதான்.

கூட்டத்துல ஒரு இருமல் இல்ல. அன்னைக்கு அந்த வெயிலு அந்தச் சுவத்துல மெக்கானிக் கண்ணுக்கு முன்னாடியேதான் விழுந்துச்சு. அவரு மணியப் பார்த்துக்கிட்டிருந்தாரு. இவ அதப் பார்த்திருக்கா. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டு வாழ்ந்தும் இது தெரியலையே! திரும்பிச் சம்சாரத்தப் பார்த்தாரு. முதல் தடவையா, செருப்பு மாட்டுற பெரியவரப் பார்த்த அதே மாதிரி, வாய் தொறந்து.

திரையில கடைசி எழுத்து வந்துச்சு: நடிச்சுக் காட்டியவர், என் வீட்டுக்காரர். பிடிச்சுக் காட்டியவர், நான்.

குடை சார் எழுந்துட்டாரு. கைதட்டுனாரு. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்"னாரு. "இருபது வருஷமா நிஜம் மாதிரி பொய் எடுக்குறவன் நான். இது பொய்யா, நிஜமா எனக்கே புடிபடல. இதுல நடிக்குறவரு நடிக்குறாரா, இல்லையா?"

அந்தம்மா எழுந்து நின்னாங்க. "அவரு நடிக்குறதா நெனச்சுக்கிட்டிருந்தாரு சார்."

மாடி அதிர்ந்துச்சு. முதல் பரிசு அந்தம்மாவுக்கு. என்ன பரிசு தெரியுமா? ஒரு குடை.

எல்லாம் முடிஞ்சு படிக்கட்டுப் பக்கம் நின்னப்ப கூட்டத்த விலக்கிக்கிட்டுக் குடை சார் நேரா வந்தாரு. மெக்கானிக்கு கால் தரையில இல்ல. அந்தத் தெய்வம் அவரோட வலது கையப் பிடிச்சுது. நகக்கண்ணுல இன்னும் போகாம இருந்த வெள்ளைப் பெயிண்ட உத்துப் பார்த்துது. ரெண்டு வாரமா எந்தக் கைக்குக் காத்திருந்தாரோ அந்தக் கை. இப்பக் கூப்பிடப் போறாரு. அடுத்த தொடர்ல ஒரு கிளார்க்கு வேஷம். ஒரு சின்ன வேஷம் போதும். ஒரு குடையா நிக்கச் சொன்னாலும் போதும்!

"சார்"னாரு குடை சார், குரலத் தாழ்த்தி. "ரொம்ப நாளா உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"சொல்லுங்க சார்! எப்ப வரணும் சார்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, வர முடியுமா? எங்க வீட்டு மாடி ரூமுல இதே மாதிரி ஒரு கறை. எங்க வீட்டுல தினமும் ஒரே திட்டு."

மெக்கானிக்கு நாக்கு நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு.

அந்தம்மா புதுக் குடைய விரிச்சுப் பார்த்து, மடக்கி, கக்கத்துல வச்சுக்கிட்டாங்க.

"வருவாரு சார். ஆனா பெயிண்ட் அடிக்கக் கூப்பிடாதீங்க, மூணு வருஷம் ஆகும். நடிச்சுக் காட்டச் சொல்லுங்க."